ஈப்போ ரேஸ்: கடைசி மூன்று நம்பரைக் கூட்டினால் போதுமா?

மார்ச் 4, மாலை 6.20 (கேள்வி)

சுங்கை சிப்புட்டிலிருந்து நாங்கள் நான்கு பேர் வருகிற ஞாயிறு ஈப்போ ரேஸுக்குப் போகிறோம். எல்லாருக்கும் முதல் தடவை. ரேஸ் புத்தகத்தில் குதிரைப் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக நம்பர் இருக்கிறதே, அதில் கடைசி மூன்றைக் கூட்டி, எது குறைவாக வருகிறதோ அந்தக் குதிரையை எடுத்தால் போதும் என்கிறான் நண்பன். இன்னொன்றும் சொல்கிறான்: 1ஆம் நம்பர் குதிரை அதிக எடை தூக்குவதால் அதைத் தொடவே கூடாதாம். சரிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 4, இரவு 9.45

போதாது தம்பி.

அந்த நம்பர்களை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வலது கோடியில் இருப்பது கடைசியாக ஓடிய ஓட்டம். 1 என்றால் முதலாவது, 4 என்றால் நான்காவது, 9 வரை அப்படியே. 0 என்றால் பத்தாவதாகவோ அதற்கும் பின்னாலோ வந்தது. உங்கள் நண்பர் கூட்டும்போது அந்த 0வை என்ன செய்கிறார்? அப்படியே கூட்டினால் மூன்று தடவையும் கடைசியில் வந்த குதிரைதான் முதலில் நிற்கும். இடையில் x போட்டிருந்தால் குதிரை நீண்ட ஓய்வில் இருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். x-க்கு முந்தைய நம்பர்கள் பழைய கதை.

நாளை மீதி எழுதுகிறேன். என் அப்பா ஈப்போவில் சைஸாக இருந்தவர். சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, கையில் பிடித்து நடத்திப் போகிறவர். லாயத்துக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில்தான் நான் பதினாறு வயதுவரை வளர்ந்தேன். கல்யாணமாகித்தான் சுங்கை சிப்புட் வந்தேன்.

மார்ச் 5, மதியம்

1ஆம் நம்பர் விஷயம். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பெரும்பாலான ஓட்டங்கள் ஹேண்டிகேப் ஓட்டங்கள். இதுவரை நன்றாக ஓடிய குதிரைக்கு அதிக எடை, சுமாராக ஓடியதற்குக் குறைந்த எடை. எல்லாம் ஒன்றாக வந்து முடிக்க வேண்டும் என்பது எடை போடுகிறவரின் ஆசை. ஒரே ஓட்டத்தில் ஒன்று 59 கிலோ சுமக்கும், இன்னொன்று 50 கிலோ சுமக்கும். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடை வராவிட்டால் ஈயத்தகடு செருகி நிரப்புவார்கள். ஓட்டம் முடிந்து மறுபடியும் தராசில் ஏறிக் காட்ட வேண்டும்.

எடை வரிசைப்படிதான் நம்பர் போடுகிறார்கள். ஆகவே 1ஆம் நம்பர் என்றால் அந்தக் கூட்டத்தில் இதுவரை அதிகம் சாதித்த குதிரை. ரப்பர் தோட்டத்தில் காண்டா, அதாவது இரண்டு பக்கமும் வாளி தொங்குகிற தோள்கம்பு, தூக்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கைத்திறன் உள்ளவரின் காண்டாவில்தான் இரண்டு பக்கமும் வாளி நிறையப் பால் இருக்கும். தோளில் பாரம் என்பதற்காக அவரை மட்டமான பால்மர வெட்டுக்காரர் என்று யாராவது சொல்வார்களா?

எடை பெரிதாக வேலை செய்கிற இடம் இரண்டு: தூரம் நீளும்போது, தரை ஈரமாகும்போது. 1000 மீட்டர், 1200 மீட்டர் ஓட்டத்தில் நல்ல தரையில் ஒரு வலுவான குதிரை 59 கிலோவோடு சும்மா பறந்துவிடும். அதே குதிரை 1600 மீட்டரில், மழை பெய்து ஊறிய புல்லில், கடைசி இருநூறு மீட்டரில் கால் பின்னும்.

எடைக்குப் பக்கத்தில் ஜாக்கி பெயரையும் பாருங்கள். அப்ரெண்டிஸ் என்றால், அதாவது இன்னும் பழகிக்கொண்டிருக்கிற பையன் என்றால், இரண்டு மூன்று கிலோ சலுகை கிடைக்கும். 59 போட்டிருந்தாலும் உண்மையில் சுமப்பது 56ஆக இருக்கலாம். குறுகிய ஓட்டத்தில் முன்னால் பாய்கிற குதிரைக்கு அது பெரிய லாபம். கூட்டத்துக்கு நடுவில் இடம் தேடி நுழைய வேண்டிய குதிரைக்கு மூன்று கிலோவைவிட அனுபவமுள்ள கை முக்கியம்.

மார்ச் 5, இரவு

பீடோரிலிருந்து எழுதுகிற நண்பர், "எட்டாவதாக வந்த குதிரையை எப்படி நம்புவது" என்கிறார். நியாயமான கேள்வி.

எத்தனையாவது என்பதைவிட எவ்வளவு தூரம் பின்னால் என்று பாருங்கள். தூரத்தைக் குதிரை நீளத்தில் சொல்வார்கள். ஒரு நீளம் என்பது ஏறக்குறைய 2.4 மீட்டர், பழைய கணக்கில் எட்டடி. ஒரு வினாடிக்கு ஐந்து நீளம். மூன்று நீளம் பின்னால் எட்டாவதாக வந்த குதிரை, ஒன்பது நீளம் பின்னால் மூன்றாவதாக வந்த குதிரையைவிட எனக்கு உசத்தி. முன்னதற்கு முக்கால் வினாடிகூட வித்தியாசம் இல்லை. நெருக்கமாக வந்த ஓட்டத்தில் எட்டாவது என்பது கெட்ட வார்த்தை இல்லை.

யாரோடு ஓடியது என்பதும் உண்டு. மேல் வகுப்பில் ஐந்தாவதாக வந்த குதிரை இப்போது கீழ் வகுப்புக்கு இறங்கியிருந்தால் அந்த 5 நல்ல 5. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஓடி முதலாவதாக வந்தவனை ஆறாம் படிவத்தில் விட்டால் என்ன ஆகும்?

மார்ச் 6, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. வினாடிக்கு ஐந்து நீளம் என்றேன். அப்பா காலத்திலிருந்து வாயில் வருகிற கணக்கு, போட்டுப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

1200 மீட்டரை ஒரு குதிரை 70 வினாடியில் ஓடினால் வினாடிக்கு 17 மீட்டர். 2.4ஆல் வகுத்தால் ஏழு நீளம் வருகிறது. கடைசியில் கொஞ்சம் தளரும், ஆகவே ஆறு, ஆறரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர்தான். தோட்டத்துச் சாலையில் நம் மோட்டார் சைக்கிள் போகிற வேகம் அது. பந்தயக் குதிரை அறுபதைத் தாண்டும்.

ஆக மூன்று நீளம் என்பது அரை வினாடி. நான் சொன்ன கருத்து மாறவில்லை, இன்னும் வலுவாகத்தான் ஆகிறது. ஆனாலும் கணக்கு தப்பு தப்புதான்.

மார்ச் 6, இரவு 10.30

இப்போது நான் உண்மையாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். இதற்கு முன் எழுதியதெல்லாம் புத்தகத்தில் இருப்பவை. இது புத்தகத்தில் இல்லை.

நம் ஊரில் ஓடுகிற குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. குளிர்ந்த ஊர்ப் பிள்ளைகள். அங்கே குளிர்காலம் என்று ஒன்று வந்து உடம்பை ஆற்றும். இங்கே வருஷம் முழுக்க ஒரே புழுக்கம். குதிரை தன் உடம்புச் சூட்டில் பெரும்பகுதியை வியர்வையால்தான் வெளியேற்றுகிறது. நாயைப்போல வாயைத் திறந்து இளைக்க அதற்குத் தெரியாது. மாதக்கணக்கில் இரவும் பகலும் வியர்த்துக்கொண்டே இருந்தால் சில குதிரைகளுக்கு வியர்வைச் சுரப்பி ஒருநாள் பதில் சொல்வதை நிறுத்திவிடும். உடம்பு 'வியர்த்து விடு' என்று கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும், தோல் கேட்காது. லாயத்தில் இதை 'டிரை கோட்' என்பார்கள்.

அப்பா பார்த்த ஒரு குதிரை நினைவில் இருக்கிறது. நியூசிலாந்திலிருந்து வந்த செங்குதிரை, நெற்றியில் வெள்ளைக் கோடு. வந்த புதிதில் இரண்டு ஓட்டம் ஜெயித்தது. ஆறேழு மாதம் கழித்து ஒரு காலை, பயிற்சி முடிந்து எல்லாக் குதிரையும் பளபளவென்று ஈரமாக நிற்கின்றன, உடம்பிலிருந்து ஆவி பறக்கிறது. இது மட்டும் வெயிலில் கிடந்த சாக்குமாதிரி காய்ந்து நிற்கிறது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து, விலா அடங்காமல் ஏறி இறங்குகிறது. அப்பா கழுத்துமுடிக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தார். அங்கே மட்டும் லேசான ஈரம். காதுக்குப் பின்னாலும் தொட்டுப் பார்த்தார். "இதுக்கு அடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ரப்பர் குழாயை எடுத்துத் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தார். நான் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று பள்ளிக்குப் பிந்திப் போனேன்.

அப்புறம் காற்றாடி வைத்தார்கள். தீனியில் உப்பு கலந்தார்கள். இருட்டு விலகுமுன் பயிற்சியை முடித்துவிடுவார்கள். அப்பா கறுப்பு பீர் ஒரு போத்தல் தீனியில் ஊற்றுவார், பழைய சைஸ்களின் வைத்தியம் அது. குதிரை ஆசையாகத் தின்றது. வியர்வை வந்ததாக எனக்கு நினைவில்லை. உறுதியான வழி குளிர்ந்த ஊருக்கு அனுப்புவதுதான். வயிற்றுப் பிழைப்புக்கு ஓடுகிற குதிரையை யார் அனுப்புவார்கள்?

அந்தச் செங்குதிரையின் கணக்கைப் புத்தகத்தில் பார்த்திருந்தால் 1, 1, 3, 2 என்று இருந்திருக்கும். அடுத்த ஓட்டத்தில் மக்கள் அதன்மேல்தான் பணத்தைக் கொட்டினார்கள். அப்பாவைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். கேட்க யாரும் இல்லை. கடைசி முந்நூறு மீட்டரில் நின்றேவிட்டது. ஓட்டம் முடிந்து அது நடுங்கிக்கொண்டு நின்றதையும், அப்பா தன் சட்டையைக் கழற்றித் தண்ணீரில் நனைத்து அதன் கழுத்தில் போட்டதையும் பார்த்தேன். ஜெயித்த குதிரையைப் பார்க்க எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன் தம்பி. நம் ஊரில் ஃபார்ம் பார்ப்பது, அதாவது குதிரை இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கணிப்பது, என்றால் தோலையும் பார்ப்பது. ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். அங்கே போய் நில்லுங்கள்.

மார்ச் 7, காலை

ஆஸ்திரேலியாவில் எழுதிய வழிகாட்டி ஒன்றைக் காட்டி, "வியர்த்தால் எடுக்காதே என்றல்லவா போட்டிருக்கிறது, அக்கா தலைகீழாகச் சொல்கிறீர்களே" என்று தெலுக் இந்தான் நண்பர் கேட்கிறார்.

இரண்டும் சரி. மெல்பர்னில் பதினைந்து டிகிரி குளிரில் சும்மா நடக்கிற குதிரை வியர்த்தால் அதற்குப் பதற்றம். சக்தியை இங்கேயே கொட்டிவிடும். ஈப்போவில் மதியம் முப்பத்து மூன்று டிகிரியில் வியர்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எங்கே வியர்க்கிறது என்று பாருங்கள். கழுத்திலும் தோளிலும் விலாவிலும் எண்ணெய் தடவியதுபோல ஒரே சீராகப் பளபளத்தால் நல்லது. பின்னங்கால்களுக்கு நடுவில் வெள்ளை வெள்ளையாக நுரை கட்டியிருந்தால், கூடவே தலையை ஆட்டிக்கொண்டு குறுக்கே குறுக்கே நடந்தால், அது பதற்றம். குதிரை வியர்வையில் சோப்புமாதிரி நுரைக்கிற ஒரு புரதம் இருக்கிறது, தேய்கிற இடத்தில் நுரை கட்டும். சேணத்துக்கு அடியில் கொஞ்சம் நுரை இருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மார்ச் 7, மாலை

வயது பற்றிக் கேட்டவருக்கு. தென்கோளத்தில் பிறந்த எல்லாக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1தான் பிறந்தநாள், என்றைக்குப் பிறந்திருந்தாலும் சரி. நவம்பரில் பிறந்த குட்டிக்கு மூன்று வயது என்று புத்தகம் சொல்லும் நாளில் உண்மையில் இரண்டே முக்கால்தான் ஆகியிருக்கும். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரில் ஓடுகிற மூன்று வயதுக் குதிரைகளின் பழைய தோல்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளர்கிற பிள்ளை.

மார்ச் 7, இரவு

சிங்கப்பூர்க் குதிரைகள் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள்.

அங்கே 1842இல் தொடங்கிய கிளப். புக்கித் தீமாவில் 1933 முதல் 1999 வரை ஓடி, அப்புறம் கிராஞ்சிக்குப் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம். அன்று நான் தொலைபேசியில் பார்த்துவிட்டு அழுதேன். ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நான்கு ஊர்ச் சுற்று அந்தக் காலத்தில். குதிரையும் சைஸும் ஒன்றாக லாரியில் போவார்கள். அப்பா புக்கித் தீமா போய் வந்தால் எங்களுக்கு பிஸ்கட் டின் வரும்.

கிராஞ்சியில் ஓடிய குதிரைகள் சில இந்தப் பக்கம் வந்தன. அவற்றின் பழைய கணக்கைப் படிக்கும்போது ஒன்று பாருங்கள்: கிராஞ்சியில் புல்தரையும் இருந்தது, பாலிட்ராக் என்கிற செயற்கைத் தரையும் இருந்தது. பாலிட்ராக்கில் வாங்கிய 1, 1, 2 ஈப்போப் புல்லில் செல்லும் என்று சொல்ல முடியாது. சிமெண்டுத் திடலில் நன்றாக விளையாடுகிற பையனைச் சேற்று வயலில் இறக்கியமாதிரி. மாறாக, பாலிட்ராக்கில் 0, 8, 0 வாங்கிய குதிரை புல்லைக் கண்டதும் விழித்துக்கொள்வதும் உண்டு.

கோலாலம்பூர் திடலும் இடம் மாறியதுதான். செலாங்கூர் ரேஸ் கிளப் 1896இல் வந்தது, அம்பாங் சாலையில் இருந்தது. 1993இல் சுங்கை பீசிக்குப் போனது. அப்பா குதிரையைக் கையில் பிடித்து நடந்த இடத்தில் இப்போது இரட்டைக் கோபுரம் நிற்கிறது. பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனபோது நீரூற்றுப் பக்கம் நின்று இதைச் சொன்னேன். அவர்கள் கடைக்குப் போக அவசரப்பட்டார்கள். இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, இரவு

நாளை ரேஸ். நானும் தம்பியோடு (என் சொந்தத் தம்பி) போகிறேன். ஒரு விஷயம் மட்டும், கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

டோட் கவுண்டரில், அதாவது திடலிலேயே கிளப் நடத்துகிற பந்தயக் கவுண்டரில், கட்டுகிற பணம் எல்லாம் ஒரு பானையில் விழுகிறது. முதலில் அதிலிருந்து வரியும் கிளப் பங்கும் எடுத்துவிடுவார்கள். மீதியைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து கட்டியதைவிடக் குறைவாகத்தான் எல்லாருக்கும் சேர்ந்து திரும்பும். இதை எந்த ஃபார்ம் அறிவும் மாற்றாது. நான் ஓட்டத்துக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) வைப்பேன், மூன்று ஓட்டத்தோடு நிறுத்திவிடுவேன்.

கோப்பிக்கடையில் சீட்டு எழுதுகிற புக்கி பக்கம் போகவே வேண்டாம். சட்டப்படி குற்றம் என்பது ஒன்று. கடனில் எழுதிக்கொள்வான் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. எங்கள் லைன் வீட்டு வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அண்ணன், சம்பள நாளன்று வீட்டுக்கு வருமுன்னே சம்பளம் முழுவதையும் அப்படிக் கொடுத்துவிட்டு வந்தவர். அப்புறம் ஆலோங்கிடம், அதாவது கொள்ளை வட்டிக்காரனிடம், போனார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு அரிசி கேட்டு வந்தபோது கையில் கிண்ணத்தை முந்தானையால் மூடி வைத்திருந்தார். நான் குதிரையை நேசிக்கிறேன். அந்தக் கிண்ணத்தையும் மறக்கவில்லை.

நாளைக்குத் தண்ணீர் போத்தலும் குடையும் எடுத்து வாருங்கள்.

மார்ச் 9, இரவு 11

வந்துவிட்டேன். கால் வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

முதல் இரண்டு ஓட்டம் நல்ல வெயில். இரண்டாவதில் 1ஆம் நம்பர், 58 கிலோ, 1200 மீட்டர், ஒன்றேகால் நீளத்தில் ஜெயித்தது. கேள்வி கேட்ட தம்பி என் பக்கத்தில்தான் நின்றார். நண்பர் சொன்ன கணக்குப்படி எடுத்த குதிரை ஆறாவது.

மூன்றாவதில் நான் தவறு செய்தேன். ஒரு சாம்பல் நிறக் குதிரை, தோல் காய்ந்து நின்றது. எல்லாரிடமும் "அது வேண்டாம், வியர்வை இல்லை" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நீளத்தில் அதுதான் ஜெயித்தது. நான் சொன்னதைக் கேட்டு இரண்டு பிள்ளைகள் அதைக் கைவிட்டார்கள், எனக்கு மனம் கனத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். நாளை எழுதுகிறேன்.

நான்காவதற்கு முன்பே மலைக்குன்றுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது.

மார்ச் 10, காலை

சாம்பல் குதிரை விஷயம்.

நான் தோலை மட்டும் பார்த்தேன். அப்பா ஒருநாளும் தோலை மட்டும் பார்த்ததில்லை. மூச்சையும் சேர்த்துத்தான் பார்த்தார். அந்தச் செங்குதிரைக்கு மூக்கு விரிந்திருந்தது, விலா அடித்துக்கொண்டிருந்தது. நேற்றைய சாம்பல் குதிரை அமைதியாக நடந்தது. மூக்குத் துவாரம் சுருங்கி, காது முன்னால், வால் தளர்வாக. நிழலிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருப்பார்கள், வியர்க்க நேரமே ஆகியிருக்காது. போதாததற்கு வெளிர் சாம்பல் தோலில் ஈரம் சட்டென்று தெரியாது. செம்பழுப்பில் தெரிவதுபோல் பளபளப்புக் காட்டாது. பிறக்கும்போது வேறு அடர்ந்த நிறத்தில் இருந்து வருஷா வருஷம் வெளுக்கிற நிறம் அது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், தெரிந்தும் பார்க்கவில்லை.

ஆகவே மார்ச் 6இல் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். காய்ந்த தோல் மட்டும் போதாது. காய்ந்த தோலும் அடங்காத மூச்சும் சேர்ந்து இருந்தால்தான் பயப்பட வேண்டும். அதுவும் ஓட்டத்துக்கு முன்னால் பார்ப்பதைவிட, ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது பார்ப்பது நல்லது. ஓடி முடித்த பிறகும் காய்ந்து, மூச்சு வாங்கி நிற்கிற குதிரையைக் குறித்து வையுங்கள். அடுத்த ஓட்டத்துக்கான ஃபார்ம் அதுதான். எல்லாரும் ஜெயித்ததைப் பார்க்கப் போகும்போது நீங்கள் ஐந்தாவது, ஏழாவதாக வந்ததைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

மார்ச் 10, மதியம்

மழைக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

காய்ந்த தரையில் உள்பக்கக் கேட் (புறப்படுகிற தடுப்பு) வாங்கிய குதிரைக்கு ஆதாயம், வளைவில் குறைந்த தூரம் ஓடினால் போதும். ஆனால் மழை விழுந்து இரண்டு ஓட்டம் ஓடியதும் உள்பக்கப் புல் உழுத வயல்மாதிரி ஆகிவிட்டது. அனுபவமுள்ள ஜாக்கிகள் வளைவு தாண்டியதும் வெளிப்பக்கம் வந்துவிட்டார்கள். ஐந்தாவது ஓட்டத்தில் வெளிக்கேட்டிலிருந்து புறப்பட்ட 9ஆம் நம்பர், 51 கிலோ, அப்படி வந்துதான் பிடித்தது. எடை அதிகமான 1, 2 இரண்டும் கடைசி நூறு மீட்டரில் நடந்தன என்றே சொல்லலாம். அப்பா இருந்திருந்தால் புல்லில் குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு, "மேலே இருக்கிறதை விட்டுரு" என்றிருப்பார். மேலே என்றால் பட்டியலில் மேலே.

ஆக உங்கள் நண்பர் சொன்ன 1ஆம் நம்பர் கதை மழைக்குப் பிறகு பாதி பலித்தது. அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

மார்ச் 12, இரவு

பழைய கால ரேஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பினாங்கு கிளப் 1864, ஈப்போ 1886. அதற்கு அப்பால் தோட்டத்துத் துரைமார்கள் சின்னச் சின்ன ஊர்களில் ஜிம்கானா என்று மட்டக்குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். 'கிரிபின்' என்று ஒரு முறையும் இருந்தது. ஒரு தடவைகூட ஓடாத குதிரைகளைக் கப்பலில் இறக்கி, பணம் கட்டியவர்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக் கொடுப்பார்கள். யாருக்கு எது விழும் என்று தெரியாது. அந்தக் குதிரைகளுக்கு முந்தைய ஓட்டம், நம்பர், கணக்கு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட ஓட்டத்தில் எதைப் பார்த்திருப்பார்கள்? தோல், மூச்சு, நடை. முதலில் அவற்றைத் தொட்டு, குளிப்பாட்டி, இந்தக் குதிரைக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று தெரிந்துகொண்டவர்கள் சைஸ்கள்தாம். அவர்களில் எத்தனையோ பேர் நம் ஆட்கள். கோப்பையோடு எடுத்த படங்களில் கயிற்றைப் பிடித்தபடி ஓரத்தில் நிற்பார்கள். கீழே துரை பெயர் இருக்கும், குதிரை பெயர் இருக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருக்கிறது. அப்பா முகம் குதிரையின் கழுத்துக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கிறது. கை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 15, மாலை

தம்பி இன்று காலை பயிற்சி பார்க்கப் போயிருக்கிறார், தனியாக! எனக்கு ஏழு படம் அனுப்பியிருக்கிறார். மகிழ்ச்சி.

மூன்றாவது படத்தில் இருக்கிற செம்பழுப்புக் குதிரை: கழுத்து, தோள் எல்லாம் ஈரம், விலாவில் பட்டை பட்டையாக வியர்வை இறங்கியிருக்கிறது. நல்லது. ஐந்தாவது படத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் நனைந்திருக்கும்போது அது மட்டும் மங்கலாக நிற்கிறது. மூக்கு விரிந்திருக்கிறதா என்று படத்தில் தெரியவில்லை. இப்போதே எதுவும் சொல்ல மாட்டேன், சாம்பல் குதிரை ஞாபகம் இருக்கிறது.

அடுத்த முறை போனால் பயிற்சி முடிந்து பத்து நிமிஷம் கழித்து விலா எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்று கடிகாரம் வைத்து எண்ணுங்கள். பக்கத்தில் நிற்கிற சைஸிடம் கேட்டுப் பாருங்கள், "அண்ணே, இது வியர்க்குதா?" என்று. அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை. எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.